பார்க்காமல் போட்ட கையெழுத்து





இந்த வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொள்ளும் கேள்வி பார்வைக்குச் சிறியது. ஒரு பொருளைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பில் ஒருவர் இருக்கிறார். அவர் சோதிக்கவில்லை. ஆனால் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தப் பொருளால் யாருக்கும் எந்தக் கேடும் வரவில்லை. இப்போது சொல்லுங்கள், அவர் பாவம் செய்தவரா, இல்லையா?

ஒன்றும் ஆகவில்லையே, பிறகு என்ன பாவம் என்றுதான் நம்மில் பலருக்குத் தோன்றும். அந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் பகுதியில் வாழும் உங்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் செல்போனும் இங்கிருந்துதான் உலகத்துக்குப் போகின்றன. விமான உதிரிபாகத் தொழிலுக்கென்று வல்லம் வடகாலில் சிப்காட் ஏரோஸ்பேஸ் பூங்கா இருக்கிறது. உங்களில் எத்தனையோ பேர் குவாலிட்டி பிரிவில் இருக்கிறீர்கள். எத்தனையோ பேரின் பிள்ளைகள் லைனில் நின்று, ஷிப்ட் முடியும் நேரத்தில் செக்லிஸ்ட்டில் டிக் அடித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் கையெழுத்துக்கு மார்க்கத்தில் என்ன பெயர் தெரியுமா? அதற்குப் பெயர் சாட்சியம்.

ஏழு ஆண்டுகள் காத்திருந்த தவறு

1978-ல் ஜப்பானின் ஒசாகா விமான நிலையத்தில் ஒரு விமானம் தரையிறங்கும்போது அதன் வால்பகுதி ஓடுபாதையில் உரசியது. உள்ளே காற்றழுத்தத்தைத் தாங்கி நிற்கும் பின்பக்கத் தடுப்புச் சுவர் சேதமடைந்தது. விமானத்தைத் தயாரித்த போயிங் நிறுவனத்தின் ஆட்களே வந்து பழுது பார்த்தார்கள். இணைப்புத் தகடு ஒரே துண்டாக இருந்து, இரண்டு வரிசை ரிவெட்டுகள் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது முறை. அங்கே தகட்டை இரண்டு துண்டாக வைத்துவிட்டார்கள். அதனால் ஒரு வரிசை ரிவெட்டுகள் மட்டுமே மொத்தப் பாரத்தையும் தாங்கின. மூடிய பிறகு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. வேலை முடிந்தது, சோதித்தாயிற்று என்று விமானம் மீண்டும் பறக்க அனுப்பப்பட்டது.

அது 7 ஆண்டுகள் பறந்தது. 12,000 முறைக்கு மேல் ஏறி இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை. 1985 ஆகஸ்ட் 12 அன்று நடுவானில் அந்தச் சுவர் பிளந்தது. 524 பேரில் 520 பேர் இறந்தார்கள். ஒரே விமானத்தில் இத்தனை உயிர்கள் போன விபத்து உலகில் வேறு இல்லை.

இப்போது நம் கேள்விக்கு வாருங்கள். அந்த 520 பேர் இறந்தது 1985-ல். தவறு நடந்தது 1978-ல். இடையில் இருந்த 7 ஆண்டுகளும் அந்தத் தவறு என்னவாக இருந்தது? விமானம் பத்திரமாக இறங்கிய 12,000 முறையும் அந்த வேலை சரியான வேலையாக இருந்ததா? இல்லை. அது முதல் நாளே தவறுதான். உலகம் அதைக் கண்டுபிடித்த நாள்தான் பிந்தியது.

பாவம் வேறு, நஷ்ட ஈடு வேறு

நமது ஃபிக்ஹு சட்ட அறிஞர்கள் இரண்டு விஷயங்களைப் பிரித்துச் சொல்வார்கள். ஒன்று பாவம். மற்றொன்று ளமான், அதாவது ஏற்பட்ட இழப்புக்குப் பொறுப்பேற்பது. இந்த இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. முழுக் கவனத்தோடு இருந்த ஒருவரால் தவறுதலாக ஓர் உயிர் போய்விடலாம். அவர் மீது கொலைப் பாவம் இல்லை என்றாலும் இழப்பீட்டுக் கடமை வரும். அதேபோல, எந்த இழப்பும் ஏற்படாததால் இழப்பீடு கேட்க யாரும் இல்லாத நிலையிலும் ஒருவர் மீது பாவம் முழுமையாக எழுதப்பட்டிருக்கலாம்.

பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர் இந்த இரண்டாவது வகை. பார்த்தேன் என்று எழுதினார், பார்க்கவில்லை. அது பொய்ச் சாட்சி. பெரும்பாவங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள், அதுவரை சாய்ந்திருந்தவர்கள், பொய்ச் சாட்சியைப் பற்றிச் சொல்ல வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். போதும், நிறுத்திக்கொள்ள மாட்டார்களா என்று தோழர்கள் நினைக்கும் அளவுக்குச் சொன்னார்கள் என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது.

நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சொன்னால்தான் சாட்சி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிரேக் சரியாக இருக்கிறது, போல்ட் இறுக்கப்பட்டிருக்கிறது, தண்ணீர் குடிக்கத் தக்கது, ஓடுபாதை பறப்புக்குத் தகுதியானது என்று எழுதித் தருவது எல்லாமே சாட்சிதான். அந்தச் சாட்சியை நம்பித்தான் முகம் தெரியாத ஒருவர் தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதில் ஏறி உட்காருகிறார்.

குவியலுக்குள் போன கை

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போனார்கள். மேலே காய்ந்த தானியம். அவர்கள் கையைக் குவியலுக்குள் விட்டார்கள், விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். ஏமாற்றுபவருக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று எச்சரித்தார்கள்.

இந்த நிகழ்ச்சியை வியாபாரிக்கான பாடமாகவே பெரும்பாலும் கேட்டிருக்கிறோம். சோதிப்பவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. மேலாகப் பார்த்துவிட்டுப் போகவில்லை, கை உள்ளே போனது. சோதனை என்றால் அதுதான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். சந்தையில் தானியம் வாங்குபவர் விரும்பினால் தானே கையை விட்டுப் பார்க்கலாம். திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ துபாய்க்கு விமானம் ஏறும் நம் பிள்ளை, டயரையும் ரிவெட்டையும் விமானியின் தூக்கத்தையும் சோதித்துப் பார்க்க முடியுமா? முடியாது. அவருக்காக வேறு யாரோ கையை உள்ளே விட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஊருக்காகச் சிலர் செய்தாக வேண்டிய, யாருமே செய்யாவிட்டால் ஊரே குற்றவாளியாகும் கடமைக்கு நாம் ஃபர்ளு கிஃபாயா என்று பெயர் சொல்கிறோம். ஜனாஸா தொழுகையை அதற்கு உதாரணம் காட்டுவோம். உயிரோடு இருப்பவர்கள் ஜனாஸா ஆகிவிடாமல் காக்கும் சோதனையையும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இது புதுக் கருத்து அல்ல. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் மாவர்தி (ரஹ்) அவர்கள், முஹ்தஸிப் என்ற மேற்பார்வை அதிகாரியின் கடமைகளை எழுதும்போது கப்பல்களையும் சேர்த்திருக்கிறார்கள். தாங்கும் அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் தடுக்க வேண்டும், கடும் காற்று வீசும்போது கப்பல் கிளம்பவிடக் கூடாது என்று எழுதினார்கள். கப்பல்காரர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சி அங்கே இல்லை. லாபம் ஒரு பக்கம் இழுக்கும்போது, லாபத்தில் பங்கில்லாத ஒருவர் மறுபக்கம் நின்று தடுக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

காவலர் இல்லாத வாசல்

நம் நாட்டில் வான் பயணத்துக்கு அந்தப் பொறுப்பு டிஜிசிஏ என்னும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம் இருக்கிறது. 2014 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் இந்தியாவை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. நமது விமானிகள் திறமையற்றவர்கள் என்று அது சொல்லவில்லை. கண்காணிக்க வேண்டிய அமைப்பில் தகுதியுள்ள ஆய்வாளர்கள் போதவில்லை என்பதே முக்கியமான குறை. 75 முழுநேர ஆய்வாளர்களைச் சேர்க்க அரசு ஏற்பாடு செய்தது. 2015 ஏப்ரலில் தரம் திரும்பக் கிடைத்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2025-ல் நாடாளுமன்றக் குழு பார்த்தபோது, அதே டிஜிசிஏ-வில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழ பாதி காலியாகக் கிடந்தன.

காலி நாற்காலியின் விலை என்ன? 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வளைகுடாவில் வேலை பார்த்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும். தலைமை விமானி பயணத்தின் பெரும்பகுதியில் தூங்கியிருந்தார் என்று விசாரணை சொன்னது. இறங்க வேண்டாம், மீண்டும் மேலே எழும்புவோம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னதும் பதிவாகியிருந்தது. விமான நிலையத்தின் ரேடார் அன்று பழுதாகிக் கிடந்ததும் விசாரணையில் வந்தது.

அதன் பிறகு பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைத்தார்கள். அந்தக் குழுவில் இருந்த மூத்த விமானி கேப்டன் மோகன் ரங்கநாதன் 2011-லேயே கோழிக்கோடு ஓடுபாதையைப் பற்றி எழுதினார். மழையில், பின்காற்றில் அங்கே இறங்குவது உயிர்களோடு விளையாடுவது என்று எச்சரித்தார். 2019 ஜூலையில் டிஜிசிஏ-வே அந்த நிலையத்துக்கு, ஓடுபாதை விரிசல் உள்ளிட்ட குறைகளுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 2020 ஆகஸ்ட் 7 அன்று கொரோனா காலத்தில் துபாயிலிருந்து ஊர் திரும்பியவர்களோடு வந்த விமானம், மழையில், பின்காற்றில், அதே ஓடுபாதையில் பாதித் தூரம் தாண்டித் தரை தொட்டு, பள்ளத்தில் விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். விமானி வரையறுத்த நடைமுறையைப் பின்பற்றவில்லை என்பதே முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. இரு விமானிகளும் இறந்துவிட்டார்கள், அவர்களின் கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது. அமைப்பு முறையின் கோளாறுகளுக்கும் பங்கு உண்டு என்று அதே அறிக்கை சொன்னது. அந்தப் பங்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் உயிரோடு இருந்தார்கள்.

இடையில், 2018 அக்டோபரில் நம் திருச்சியில் என்ன நடந்தது? துபாய்க்குக் கிளம்பிய விமானம் சுற்றுச்சுவரில் மோதிவிட்டே மேலே ஏறியது. உள்ளே 136 பேர். பிறகு மும்பையில் இறக்கினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். எல்லோரும் பிழைத்ததால் அந்தச் செய்தியை நாம் மறந்துவிட்டோம். உயிர்ச்சேதம் இல்லாத தவறு நம் மனதில் தவறாகவே பதிவதில்லை.

ஏழை நாடுகளில் மட்டும்தான் இப்படி என்று எண்ணிவிடாதீர்கள். போயிங் 737 மேக்ஸ் விமானத்துக்குச் சான்று தரும் வேலையில் பெரும்பகுதியை அமெரிக்க நிர்வாகம் தயாரிப்பாளரிடமே விட்டிருந்தது. 2018-லும் 2019-லும் இந்தோனேசியாவிலும் எத்தியோப்பியாவிலும் 346 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்காவில் அதே வகை விமானத்தின் கதவு அடைப்பு நடுவானில் பிய்ந்து போனது. அதைப் பிடித்திருக்க வேண்டிய 4 போல்ட்டுகள் தொழிற்சாலையிலேயே மாட்டப்படவில்லை என்று தெரிந்தது. அதைக் கழற்றிய வேலைக்கு முறையான பதிவும் இல்லை. சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் ஒருவரே ஆகிவிட்டால் பணக்கார நாட்டிலும் இதுதான் கதி.

விதி என்ற போர்வை

இப்படிப்பட்ட விபத்துகளில் நம் வீடுகளில் ஒரு சொல் வரும்: அல்லாஹ்வின் நாட்டம். மகனை இழந்த தாய் இதைச் சொல்லும்போது அது ஸப்ரு. அந்த நாவுக்கு அல்லாஹ் கூலி தருவான். அதே சொல்லைக் காலிப் பணியிடத்தை நிரப்பாத அதிகாரியோ, போல்ட்டைப் பார்க்காமல் கையெழுத்திட்டவரோ சொன்னால் அது தக்தீரின் மீது பழி போடுவது. சொல் ஒன்றுதான், சொல்லும் வாய் வேறு.

உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குப் போகும் வழியில், ஸர்கு என்ற இடத்தில், முன்னால் கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. ஆலோசனை செய்து படையைத் திருப்பினார்கள். அல்லாஹ்வின் விதியைக் கண்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியின் பக்கமே போகிறோம் என்பது உமர் (ரலி) அவர்களின் பதிலின் கருத்து. பசுமையான பக்கமும் வறண்ட பக்கமும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது விதிப்படிதான் என்று விளக்கினார்கள். வறண்ட பக்கம் மேய்த்துவிட்டு விதி என்று சொல்லும் மேய்ப்பனை யாரும் மெச்ச மாட்டார்கள்.

நம் வாசலில்

வானத்தில் நடப்பது தரையிலும் நடக்கிறது. 2010 அக்டோபர் கடைசி நாளில், ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலையில் ஓர் இளம்பெண் எந்திரத்தில் சிக்கி இறந்தார். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் அதிகாரிகள் அந்தச் சமையலறைக்குள் போனார்கள். எலிகளும் கழிவுநீர்க் கோளாறும் அன்றைக்கு முளைத்தவையா? முந்தைய மாதங்களில் குவியலுக்குள் கை போகவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ஹஜ்ரத், நான் கான்ட்ராக்ட் தொழிலாளி. கையெழுத்துப் போடு, லைன் நிற்கக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்கிறார். மறுத்தால் நாளை வேலை இல்லை. வீட்டு வாடகைக்கு எங்கே போவேன்? குற்றம் என் மீதா?

குற்றத்தின் பெரும்பங்கு, அதிகாரம் உள்ளவர் மீது. ஆளைக் குறைத்து இலக்கைக் கூட்டியவர், நெருக்கியவர், கண்டும் விட்டுவிட்ட ஆய்வாளர், ஆய்வாளர்களை நியமிக்காத அரசு எல்லோருக்கும் அவரவர் அதிகாரத்தின் அளவுக்குக் கேள்வி உண்டு. கீழே இருப்பவரை மட்டும் பிடித்துத் தண்டிப்பது நீதி ஆகாது. ஆனாலும் உங்கள் பங்கு பூஜ்யம் ஆகிவிடாது. கத்தி முனையில் மிரட்டப்பட்டாலும், தன்னைக் காத்துக்கொள்ள அப்பாவியான இன்னொருவரைக் கொல்ல அனுமதி இல்லை என்று அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். என் உயிர் அவர் உயிரைவிட உயர்ந்தது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லாததே காரணம். அப்படியிருக்க, சம்பளத்துக்காக உயிர் காக்கும் இடத்தில் பொய் எழுத அனுமதி எங்கிருந்து வரும்?

இதைச் சொல்லிவிட்டு மிம்பரிலிருந்து இறங்கிப் போய்விட்டால் அது சுலபமான உபதேசம். பணக்காரருக்கு நேர்மை மலிவு, ஏழைக்கு விலை அதிகம். அந்த விலையில் பங்கெடுப்பது ஜமாஅத்தின் கடமை. கப்பலின் கீழ்த்தளத்தில் ஓட்டை போடுபவரைத் தடுக்காவிட்டால் மேல்தளத்தில் இருப்பவரும் மூழ்குவார் என்று நபி (ஸல்) அவர்கள் உவமை சொன்னார்கள். தடுத்த கையை நாம் தனியாக விட்டுவிடலாமா?

எனவே மூன்று வேண்டுகோள்கள்.

கையெழுத்துப் போடும் சகோதரர்களே! பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பார்க்க நேரம் தரவில்லை என்றால், பார்க்கவில்லை என்று எழுதுங்கள். பணிவாக, எழுத்தில், தேதியோடு எழுதுங்கள்.

மேலதிகாரிகளே, சிறு பட்டறை நடத்தும் முதலாளிகளே! குறையை எடுத்துச் சொல்பவரை வேலையைத் தடுப்பவராகப் பார்க்காதீர்கள். உங்கள் மறுமைக் கணக்கை இலேசாக்க வந்தவர் அவர்.

ஜமாஅத் நிர்வாகிகளே! உண்மையை எழுதியதால் வேலை இழந்தவர் வந்தால், எந்த மதத்தவராக இருந்தாலும், மூன்று மாதத்துக்காவது அவருடைய வீட்டில் அடுப்பு எரியப் பொதுநிதியிலிருந்து வழி செய்யுங்கள். வேறு வேலைக்குச் சொல்லிவிடுங்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மனு எழுதத் தெரிந்தவரைக் கூட அனுப்புங்கள். நம் பகுதிக்குப் போதிய ஆய்வாளர்களை நியமிக்கக் கோரி உங்கள் எம்எல்ஏவிடமும் எம்பியிடமும் கேளுங்கள். பள்ளிவாசலுக்குச் சாலை வசதி கேட்கும் அதே உரிமையோடு கேளுங்கள்.

யாரும் பார்க்காத இடத்தில் இறுக்கிய ஒரு போல்ட்டுக்கு உலகில் பாராட்டு வராது. அதனால் பிழைத்தவர்களுக்கு அவர்கள் பிழைத்ததே தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும். அது போதும்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளைப் பொய்ச் சாட்சியிலிருந்து காப்பாயாக. அமானிதத்தைச் சுமக்கும் வலிமையைத் தருவாயாக. உண்மையை எழுதியதால் வாழ்வாதாரம் இழந்தவர்களுக்குச் சிறந்ததைப் பகரமாகத் தருவாயாக. வானிலும் தரையிலும் பயணம் செய்வோரைப் பத்திரமாக வீடு சேர்ப்பாயாக. விபத்துகளில் உறவுகளை இழந்த எல்லோருக்கும் ஆறுதல் தருவாயாக.

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.